வண்டன்மேட்டில் முடிவு செய்பவர் யார்?



ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த வண்டன்மேட்டில் ஓர் ஊர்ச்சாலையைச் செப்பனிடும் பணியை யாரிடம் ஒப்படைப்பது? அதனை முடிவு செய்வது கிராம ஊராட்சி. 1994ஆம் ஆண்டுக் கேரள ஊராட்சிச் சட்டம் அந்த அதிகாரத்தை அளித்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ஒப்பந்தக்காரரை விலக்கிப் பயனாளிகள் குழுவே பணியை நடத்தவும் வழி பிறந்தது. சில ஊர்களில் குழுவின் பின்னால் ஒப்பந்தக்காரரே மறைந்து நின்றார் என்பதும் உண்மை. ஆயினும், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்க முடிந்ததே, அது சிறிய பேறன்று.

அலுவலர் நியமனம் அவ்வாறன்று. ஊராட்சிச் செயலாளர் மாநில அரசின் ஊழியர். அவரை அமர்த்துவதும் மாற்றுவதும் அரசே. கணினிமுறையும் மேலிருந்தே வருகிறது. 2024இல் நகராட்சிகளில் தொடங்கிய கே-ஸ்மார்ட், 2025இல் ஊராட்சிகளுக்கும் வந்தது. ஊராட்சிதோறும் தனி மென்பொருள் வாங்குவது வீண்செலவு. உள்ளூர்ச் சார்பு நியமனத்தைக் கெடுக்கும். ஆகவே இவ்வேற்பாட்டைக் குறைகூற இயலாது.

இடர்ப்பாடு மொழியில் உள்ளது. இப்பகுதித் தோட்டத் தொழிலாளருள் தமிழர் பலர். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. தமிழ் படிக்கத் தெரியாத எழுத்தரின் மேசையில் அவ்வுரிமை மனுவோடு மனுவாகக் கிடக்கும். இத்தகைய பகுதிக்கு ஓர் அலுவலரை அனுப்புமுன், அவருடைய மொழியறிவு குறித்து ஊராட்சியைக் கேட்பதால் அரசுக்கு என்ன இழப்பு?