பளு தூக்கிய பெருமகன் டான் ஹவ் லியாங்

(விழா இளைஞர் நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழகத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்ற ஒன்று உண்டு. உருண்டு திரண்ட அந்தக் கல்லைத் தரையிலிருந்து பெயர்த்துத் தோளுக்கு ஏற்றுபவனே ஆண்மகன் என்று ஊர் மதித்த காலம் இருந்தது. பளுவைத் தூக்கி வலிமையைக் காட்டும் வழக்கம் ஓர் இனத்திற்கு மட்டும் உரியதன்று. உலகம் முழுமைக்கும் பொதுவானது. அந்த வலிமையால் சிங்கப்பூர் என்ற சிறு தீவின் பெயரை ஒலிம்பிக் மேடையில் முதன்முதலாக ஒலிக்கச் செய்த பெருமகன் ஒருவரின் வரலாறு இந்த அவையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்தாம் டான் ஹவ் லியாங்.

இவர் 1933-ஆம் ஆண்டு சீனாவின் சுவாட்டோ நகரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளுள் ஒருவர். நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் சிங்கப்பூருக்குக் கப்பலேறியது. பிழைப்புத் தேடி வந்த பல்லாயிரம் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. சைனாடவுன் வட்டாரத்தின் நெருக்கமான வீடுகளுக்கிடையே சிறுவன் வளர்ந்தான். சப்பானியர் ஆட்சியின் கொடுமையையும் அந்தப் பிள்ளைப் பருவம் கண்டது. பதினான்கு வயதில் தந்தை காலமானார். பெரிய குடும்பம், சிறிய வருவாய். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. புத்தகப் பையைச் சுமக்க வேண்டிய வயதில் குடும்பப் பொறுப்பைச் சுமக்க நேர்ந்தது. அவர் வாழ்வில் தூக்கிய முதல் பளு அதுவே எனலாம்.

அக்காலத்தில் கேலாங் வட்டாரத்தில் 'ஹேப்பி வோர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. பின்னாளில் 'கே வோர்ல்ட்' எனப் பெயர் மாறிய அந்த இடத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாடகம், திரைப்படம், குத்துச்சண்டை, மல்யுத்தம் என மக்கள் திரளும் இடம் அது. 1952-ஆம் ஆண்டளவில் அங்கு நடைபெற்ற ஒரு பளு தூக்கும் போட்டியை இளைஞர் டான் பார்த்தார். பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் பலர்; தாமும் தூக்கவேண்டும் என்று துணிந்தவர் இவர். அடுத்த ஆண்டே, அதாவது 1953-இல், சிங்கப்பூரின் இளையோர் பிரிவிலும் பெரியோர் பிரிவிலும் இலேசு எடைப் பட்டத்தை வென்றார். ஓராண்டுக்குள் ஒரு பார்வையாளர் வெற்றிவீரராக மாறிவிட்டார்.

இங்கு ஒரு விளக்கம் தேவை. இன்று இரும்பைத் தூக்கும் போட்டிகள் இரு வகையாக நடைபெறுகின்றன. பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது, பலகையில் படுத்து மார்புக்கு மேல் தள்ளுவது, தரையிலிருந்து இடுப்பளவு நிமிர்த்துவது ஆகிய மூன்றும் அடங்கியது வலு தூக்குதல். தலைக்கு மேல் உயர்த்துவது பளு தூக்குதல். ஒலிம்பிக்கில் இடம்பெறுவது இதுவே. டான் போட்டியிட்ட காலத்தில் இதில் மூன்று முறைகள் இருந்தன. தோளளவு கொண்டுவந்து கைவலிமையால் மட்டும் மேலே அழுத்துவது ஒன்று. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றுவது இரண்டாவது. முதலில் தோளுக்கும் பின்னர் கால்களின் உந்துதலால் தலைக்கு மேலும் ஏற்றுவது மூன்றாவது. மூன்றிலும் தூக்கிய எடையைக் கூட்டியே வெற்றி கணிக்கப்பட்டது. முதலாவது முறை 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குடன் கைவிடப்பட்டது.

இந்த விளையாட்டில் தூக்குவது பாதி, நிற்பது மறுபாதி. பளுவை உயர்த்திவிட்டால் மட்டும் போதாது. கைகளை நீட்டி, கால்களை ஒருசேர நிறுத்தி, நடுவர் இறக்கச் சொல்லும்வரை அசையாது நிற்கவேண்டும். அசைந்தால் அதுவரை பட்ட பாடு வீண்.

1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் டான் ஒன்பதாம் இடத்தைப் பெற்றார். ஒன்பதாம் இடத்திற்குப் பதக்கம் இல்லை, வரவேற்பும் இல்லை. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1958-இல், தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றார். அடுத்த சில வாரங்களில் வேல்சு நாட்டின் கார்டிஃப் நகரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளிலும் தங்கம் அவருக்கே கிட்டியது. அங்கே தமது மூன்றாவது முறையில் 347 இராத்தல் எடையைத் தூக்கி உலகச் சாதனை படைத்தார். ஏறத்தாழ 157 கிலோ! தம் உடலெடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பளு அது. 1959-ஆம் ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற முதலாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளிலும் அவர் தங்கம் பெற்றார்.

அதே 1959-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன்னாட்சி எய்தியது. டிசம்பர் 3-ஆம் நாள் பிறையும் ஐந்து விண்மீன்களும் கொண்ட கொடி மக்கள் முன் அறிமுகம் செய்யப்பட்டது. அந்தக் கொடிக்கு ஒரு வயதுகூட நிறையாத நிலையில் ரோம் ஒலிம்பிக் வந்தது.

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள். 67.5 கிலோவுக்கு உட்பட்ட இலேசு எடைப் பிரிவு. டானுக்கு அப்போது வயது 27. சோவியத் வீரர் விக்டர் புசுயேவ் அனைவரையும் விஞ்சி மொத்தம் 397.5 கிலோ தூக்கி உலகச் சாதனையுடன் தங்கத்தைத் தமதாக்கிக்கொண்டார். இரண்டாம் இடத்திற்கே கடும் போட்டி. டான் முதல் முறையில் 115 கிலோவும் இரண்டாம் முறையில் 110 கிலோவும் தூக்கியிருந்தார். போட்டியின் நடுவே அவருடைய கால்களில் தாங்கவொண்ணா வலி ஏற்பட்டது. மருத்துவமனைக்குச் செல்லுமாறு அதிகாரிகள் அறிவுறுத்தினர். விலகினால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால், அவர் விலக மறுத்தார். மூன்றாம் முறையில் 155 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தி நின்றார். மொத்தம் 380 கிலோ.

ஈராக் நாட்டு வீரர் அப்துல் வாகித் அசீசும் அதே 380 கிலோவைத் தூக்கியிருந்தார். இருவர் சமமாகத் தூக்கினால் உடலெடை குறைந்தவருக்கே முன்னிடம் என்பது அக்கால விதி. அதன்படி வெள்ளிப் பதக்கம் டானுக்கும் வெண்கலம் அசீசுக்கும் உரியதாயின. சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஈராக்கிற்கும் அதுவே முதல் பதக்கம். 2024-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் முடிவுற்ற பின்னரும் ஈராக்கின் ஒரே ஒலிம்பிக் பதக்கமாக அதுவே விளங்குகிறது. ஒரே மேடையில் இரு நாடுகளின் வரலாறு எழுதப்பட்ட நாள் அது.

1962-ஆம் ஆண்டு பெர்த் நகரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளில், அதிக எடைப் பிரிவாகிய நடு எடைக்கு உயர்ந்து மீண்டும் தங்கம் வென்றார் டான்.

அவையோரே! வெற்றிக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால், இந்த வரலாற்றில் சிந்திக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது.

அன்றைய ஒலிம்பிக் விதிகளின்படி விளையாட்டால் பொருளீட்டுபவர் போட்டியிட இயலாது. ஆகவே, பதக்கம் பெருமையைத் தந்ததே தவிரப் பிழைப்பைத் தரவில்லை. 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் சிங்கப்பூரின் முதல் தங்கத்தை வென்றபோது அவருக்குரிய பரிசு 10 இலட்சம் வெள்ளி. அது முறையே, உழைப்புக்கு மதிப்பு வேண்டும். ஆனால், டானின் காலத்தில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. அவர் தம் உழைப்பாலேயே வாழ்ந்தார். பயிற்சியாளராகப் பணியாற்றினார். பின்னாளில் சிங்கப்பூர் விளையாட்டு மன்றத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். ஒலிம்பிக் மேடையில் நின்ற அதே மனிதர், பொதுமக்களுக்கான கூடத்தில் இரும்புத் தட்டுகளுக்கிடையே அமைதியாகத் தம் கடமையைச் செய்தார். பன்னாட்டுப் பளு தூக்கும் கூட்டமைப்பு 1984-இல் அவருக்குத் தங்க விருது அளித்துச் சிறப்பித்தது.

ரோமுக்குப் பின் சிங்கப்பூர் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைக் காண 48 ஆண்டுகள் ஆயின. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் மகளிர் மேசைப்பந்துக் குழு வெள்ளி வென்றது. தனிநபர் பதக்கம் மீண்டும் கிடைத்தது 2012-ஆம் ஆண்டு இலண்டனில், ஃபெங் தியான்வெய் வழியாக. இவ்வளவு நீண்ட காலமும் அந்த ஒற்றை வெள்ளியே நாட்டின் நம்பிக்கையைத் தாங்கி நின்றது. நடுவர் இறக்கச் சொல்லும்வரை அசையாது நிற்பது பளு தூக்குபவருக்கு இலக்கணம் அல்லவா? அந்த இலக்கணத்திற்கு டானின் வாழ்க்கையே இலக்கியமாக அமைந்தது.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், தமது 91-ஆம் வயதில் அவர் காலமானார். நாட்டின் தலைவர்கள் புகழஞ்சலி செலுத்தினர். எந்தக் கொடிக்காக அவர் ரோமில் நின்றாரோ, அந்தக் கொடி அறிமுகமாகிச் சரியாக 65 ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

பெற்றோர்களே! இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத காட்சி ரோம் நகரில் இல்லை. தந்தையை இழந்து, பள்ளியை விட்டு நின்ற பதினான்கு வயதுச் சிறுவனிடம் இருக்கிறது. படிப்பு நின்ற பிள்ளை என்று அவனை உலகம் ஒதுக்கியிருந்தால் சிங்கப்பூரின் முதல் பதக்கம் பிறந்திராது. ஒரு கேளிக்கைப் பூங்காவில் யாரோ அமைத்த மேடை அவனுக்கு வழி காட்டியது. அத்தகைய பிள்ளைகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இன்றும் உள்ளனர். தேர்வுத் தாளில் தோற்றவன் வாழ்விலும் தோற்றவன் என்று முத்திரை குத்துவது எளிது. அவன் கைக்கு ஏற்ற பளு எது என்று கண்டறிந்து தருவது அரிது. அந்த அரிய செயலைச் செய்யச் சமூகத்தின் பொது இடங்களும் பெரியோர்களும் முன்வரவேண்டும். ஒரு கூடம், ஒரு மாலைப் பொழுது, அக்கறையுள்ள ஒரு பெரியவர்: தொடக்கத்திற்கு இவை போதும்.

இளைஞர்களே! வலிமை என்பது பிறரை அச்சுறுத்துவதற்கு அன்று, பொறுப்பைச் சுமப்பதற்கு. ஒன்பதாம் இடம் கிடைத்தால் ஓய்ந்துவிடாதீர்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே வெள்ளி வந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! சாதனையாளர்களை மறைந்த பின் போற்றுவதைவிட, வாழும்போதே தேடிச் சென்று போற்றுங்கள். அடுத்த முறை ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வயது முதிர்ந்த ஒருவர் இரும்புத் தட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பதைக் கண்டால், சற்று நின்று வணக்கம் சொல்லுங்கள். ஒரு நாட்டின் வரலாறே அங்கு நின்றுகொண்டிருக்கக்கூடும்.