கடைக் கணக்கும் அதன் மறுபிரதியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அடியேன் எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குச் சுவையற்றது. ஆயினும் நம்மவரிற் பெரும்பாலோர் வியாபாரிகளாதலாலும், நாள்வழியும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்துவிட்டமையாலும், சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு, சைதாப்பேட்டையிலுள்ள எனது கடைக்குள் அடையாற்று வெள்ளம் மேசை மூழ்குமளவு ஏறிற்று. கம்ப்யூட்டர் போயிற்று. ‘டாலி’க் கணக்கின் பிரதியை வாரந்தவறாமல் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். எங்கே? அதே மேசையின் இழுப்பறையில்! சரக்கின் நஷ்டத்தை இன்ஷியூரன்சு ஓரளவு ஈடு செய்தது. வரவேண்டிய பாக்கியை யார் ஈடு செய்வார்? யோக்கியர்கள் தாமே வந்து தம் பற்றைச் சொல்லிச் செலுத்தினார்கள். ஏனையோர் கணக்கைக் காட்டும்படி கேட்டார்கள். வேடிக்கை யாதெனில், பரணிலிருந்த என் தகப்பனார் காலத்துப் பேரேடுகள் ஒரு துளியும் நனையவில்லை. அவையோ இன்று ஒருவருக்கும் வேண்டாதவை.

ஆகவே மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் கடைக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

“எங்கள் கணக்கு இணையக் கிடங்கில் தானாகவே ஏறிவிடுகிறதே” என்பர் நமது வாலிபர். 2017-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி டென்மார்க்கு தேசத்து மர்ஸ்க் என்னும் கப்பற் கம்பெனிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அதன் கம்ப்யூட்டர்களை ஆளும் முதன்மை யந்திரங்கள் சுமார் 150, ஒன்றையொன்று பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும்படி அமைந்திருந்தன. ஒன்று கெட்டால் மற்றவை காக்கும் என்று நம்பினர். நாசகார நிரலொன்று புகவே அத்தனையும் ஒருங்கே அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா தேசத்திலிருந்த ஒன்று மட்டும், அவ்வேளை மின்சாரம் நின்றிருந்தபடியால், பிழைத்தது. அதைக் கொண்டே மீண்டனர். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்! மூலத்தில் அழிந்தது தன்னிலும் உடனே அழியுமாயின் அதற்குப் பிரதியென்று பெயரில்லை. பிரதி எடுத்தவுடன் சாதனத்தைக் கழற்றிவிட வேண்டும். நேற்றைய பிரதியின்மேல் இன்றையதை எழுதாமல் தேதிவாரியாக வைத்தல் வேண்டும். ஏனெனில் கணக்கிற் புகுந்த பிழை பல சமயம் மாதங் கழித்தே தெரியவரும்.

சட்டமும் இதனை விடவில்லை. ஜி.எஸ்.டி. கணக்குகளை, வருஷாந்தர ரிட்டர்னுக்குரிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு எட்டு வருஷம். அன்றியும் 2022 ஆகஸ்டுத் திருத்தப்படி, கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்கின் பிரதி இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் ஏற வேண்டும்.

பிரதி எடுத்ததோடு நில்லாமல் அதனைத் திறந்தும் பார்க்க வேண்டும். அமாவாசைதோறும் கடைவாசலிற் பூசணிக்காய் உடைக்கிறோமன்றோ? அன்றே பிரதியை வேறொரு யந்திரத்தில் ஏற்றி, ஐந்தொகை ஒத்து வருகிறதாவென்று பாருங்கள். நடப்புக் கணக்கிருக்கும் இடத்திலேயே ஏற்றிவிடாதீர்கள்; புதியதைப் பழையது விழுங்கிவிடும். கடவுச்சொல்லைக் கணக்கப்பிள்ளை ஒருவரே அறிந்திருப்பதும் தகாது.

எனது கடையின் பிரதி இப்பொழுது வீட்டு மாடியில் என் மனைவியாரின் நகைப்பெட்டியருகே இருக்கிறது. சனிக்கிழமை நான் வெறுங்கையோடு வீடு திரும்பினால், சாப்பாட்டுக்கு முன் அதைத்தான் கேட்கிறார்.