தோட்டத்துப் பறவைகளை எண்ணுவோம்



சிங்கப்பூரில் பனிக்காலம் இல்லை. ஆயினும் வடதிசைக் குளிருக்கு அஞ்சி வரும் விருந்தாளிகள் நமக்கு உண்டு. நவம்பர் மாதக் காலையில் பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவுக்குச் சென்று பார்ப்போம். மரக்கிளையின் நுனியில், கண்ணின் மேல் கறுப்பு மை தீட்டியதுபோல் ஒரு சிறு பறவை அமர்ந்திருக்கலாம். அதுதான் பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா முதலிய இடங்களில் குஞ்சு பொரித்து, செப்டம்பர் வாக்கில் இங்கு வரத் தொடங்கும் பறவை இது.

இப்படி வருபவை குறைகின்றனவா, கூடுகின்றனவா? ஓரிரு அறிஞர்கள் மட்டும் எண்ணி இதை அறிய முடியாது; பலருடைய கண்கள் வேண்டும். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவில் பிராங்க் சாப்மன் என்பவர், பறவைகளைச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக எண்ணும் வழக்கத்தைத் தொடங்கினார். அன்று எண்ணியவர் 27 பேரே. பிரிட்டனில் 1979இல் தொடங்கிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு, சிட்டுக்குருவிகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதைப் பின்னாளில் காட்டியது.

நம் நாட்டிலும் இயற்கை ஆர்வலர்கள் 1986 முதல் ஆண்டுதோறும் பறவைகளை எண்ணத் தொடங்கினர். பொதுமக்களும் பங்குகொள்ளும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பைத் தேசியப் பூங்காக் கழகம் 2015இல் தொடங்கியது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணும் பழக்கம் ஏற்பட்டது.

எண்ணுவது எப்படி? ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, குறித்த நேரம் பார்க்க வேண்டும். ஒரே தேன்சிட்டு பத்து முறை வந்து போனால் பத்து என்று எழுதலாமா? கூடாது. அவ்வினத்தில் ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட மிகுதியான எண்ணிக்கையையே எழுத வேண்டும். ஐயம் எழுந்தால், ஊகித்துப் பெயர் எழுதாமல் விட்டுவிடுவதே நேர்மை.

"மைனாவையும் எண்ண வேண்டுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவசியம் எண்ண வேண்டும். இங்கே காப்பிக் கடை மேசைவரை வரும் ஜாவா மைனா, கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டுப் பெருகியது. அதன் தாயகமான ஜாவாவிலோ, கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டே அருகி வருகிறது. மிகுந்திருப்பது என்றும் மிகுந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சிட்டுக்குருவியை யார்தான் அரிய பறவை என்று நினைத்தார்கள்?

ஆங் மோ கியோவில் சிமெண்டுக் கால்வாயாக ஓடிய காலாங் ஆறு, 2012இல் புல்லும் கல்லும் சூழ்ந்த ஆறாகத் திரும்பியது. இத்தகைய மாற்றத்தால் பறவைகளுக்கு விளைந்தது என்ன என்பதை, முன்னும் பின்னும் எழுதிவைத்த கணக்குதான் சொல்லும். எழுதாத ஆண்டை எவராலும் மீட்க முடியாது.

ஆகவே, கீச்சானைக் காணாத நாளில் "காணவில்லை" என்றே எழுதுவோம். அந்தச் சுழியமும் ஒரு செய்திதான்.