வல்லரசுக்கு ஒரு முழக்கோல், எளியவனுக்கு ஒரு முழக்கோலா?

(இளம்பிள்ளையில் இளைஞர்கள், வணிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

இளம்பிள்ளை சேலை வியாபாரத்தால் வாழும் ஊர். இங்கிருந்து வெளி மாநிலங்களுக்குச் சரக்கு கடனுக்குப் போகிறது. வாங்கியவர் பெரும்புள்ளி. தவணை முடிந்து பணம் கேட்டால், "தர முடியாது, உன்னால் ஆனதைப் பார்" என்கிறார். அப்போது உங்களுக்குத் துணை எது? சட்டமும் நாலு பேருடைய நியாய உணர்வும்தான்.

அன்றைய மக்காவிலும் இதுவே நடந்தது. யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் ஆஸ் பின் வாயில் என்ற குறைஷித் தலைவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். அந்த வெளியூர்க்காரருக்கு ஆள் பலம் இல்லை. குறைஷிக் கோத்திரத்தார் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவர் யாராயினும் அவர் உரிமை கிடைக்கும்வரை அவருடன் நிற்போம் என உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன், இளைஞராக அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்பும் அதன் பேரால் அழைக்கப்பட்டால் செல்வேன் என்றார்கள். உடன்படிக்கை செய்தவர்கள் அன்று முஸ்லிம்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். நீதிக்குக் குலமில்லை!

நாடுகளுக்கிடையிலும் இதே கணக்குத்தான். 1990 ஆகஸ்டு 2இல் ஈராக் குவைத்தை விழுங்கியது. அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவை வெளியேறச் சொன்னது. நம்மில் சிலர் சதாமை வீரர் என்று கொண்டாடினோம். அது தவறு. 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் அதே அவையின் அனுமதியின்றி ஈராக்கில் புகுந்தன. அது சட்டவிரோதம் என்று 2004இல் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானே சொன்னார். ஈராக்குக்குக் கிடைத்தது பல்லாண்டுப் பொருளாதாரத் தடை. வல்லரசுகளுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை!

"அப்படியானால் சர்வதேசச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே?" என்று இளைஞர்கள் கேட்கலாம். இல்லை சகோதரர்களே! வங்கக் கடல் எல்லைத் தகராறில் வங்கதேசம் நம் நாட்டின்மீது 2009இல் வழக்குத் தொடுத்தது. 2014 ஜூலை 7இல் ஹேக் நகர நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போயிற்று. படையிலும் பணத்திலும் பெரிய நாடான இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. இதனால் நம் நாடு சிறுத்துவிட்டதா? மதிப்பில் உயர்ந்தது.

அதே ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் நீடிப்பது சட்டவிரோதம் என்று 2024 ஜூலை 19இல் கருத்துரைத்தது. அதைச் செயல்படுத்தக் கோரும் தீர்மானம் செப்டம்பர் 18இல் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தது. 124 நாடுகள் ஆதரித்தன, 14 எதிர்த்தன, 43 வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கிய வரிசையில் இந்தியாவும் இருந்தது! தன் கடலை விட்டுக்கொடுத்துச் சட்டத்தைக் காத்த நாடு, காஸாவின் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த வேளையில் ஒதுங்கலாமா? இக்கேள்வியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மனுவாக எழுதி, கையெழுத்திட்டு, அமைதியாகக் கேளுங்கள்.

இளைஞர்களே, சட்டமே வேண்டாம் என்று கோபத்தில் சொல்லிவிடாதீர்கள். சட்டம் ஒழிந்தால் வல்லரசுக்கு நட்டமில்லை. ஆளில்லாத அந்த யமன் வணிகருக்குத்தான் நட்டம்.

வணிகர்களே, நெசவாளியின் கூலியை இழுத்தடித்துவிட்டு அமெரிக்காவைக் கண்டித்தால் நம் பேச்சுக்கு என்ன மதிப்பு? முதலில் நம் கடை முழக்கோல் நேராகட்டும். பிறகு உலகின் முழக்கோலை நேராக்கக் குரல் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்!