மூச்சை எண்ணுதலும் மொழியைக் கேட்டலும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு மேடையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவதே பெருவழக்கு. தாதியர் பணியிலிருக்கும் எங்களை இம்மேடைக்கு அழைத்தபோது, நோயாளியின் படுக்கையருகில் தமிழ் செய்யும் வேலை ஒன்றைப் பற்றிப் பேசுவதே தகும் என்று எண்ணினோம். அது மூச்சை மதிப்பிடும் வேலை. அதில் பாதி எண்ணிக்கை, மறுபாதி மொழி. எண்ணிக்கையில் தவறினால் நோய் முந்திக்கொள்ளும். மொழியில் தவறினால் நோயாளி சொன்னது எவருக்கும் எட்டாமலே போகும்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். வார்டில் உடல் வெப்பத்தையும் இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் பெரும்பாலும் கருவியே அளந்து தருகிறது. மூச்சின் எண்ணிக்கையைப் பல இடங்களில் இன்றும் தாதியின் கண்ணும் கைக்கடிகாரமுமே அளக்கின்றன. மார்பு ஒரு முறை எழுந்து தாழ்ந்தால் அது ஒரு மூச்சு. அதனை 60 விநாடியும் முழுமையாக எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சுப் பிழை நான்கு மூச்சுப் பிழையாகிவிடும். ஒழுங்கற்ற மூச்சு அந்தச் சிறு பொழுதில் அகப்படாமலும் போகலாம். எண்ணப் போவதை நோயாளியிடம் அறிவிப்பதும் பொருந்தாது. மூச்சு தானே இயங்குவது. நாம் நினைத்தால் நம் விருப்பப்படியும் இயங்குவது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் அதன் நடை மாறிவிடும். ஆகவே, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பைக் கவனிப்பது தாதியரின் நெடுநாளைய பழக்கம்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பிரிட்டனில் ராயல் மருத்துவர் கல்லூரி 2012ஆம் ஆண்டில் வெளியிட்டு 2017ஆம் ஆண்டில் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், இந்த அளவுக்குச் சுழியம். 21 முதல் 24 வரை எனில் 2 மதிப்பெண். 25ஐத் தொட்டாலும், 8க்கு இறங்கினாலும், உச்ச மதிப்பெண்ணாகிய 3. மதிப்பெண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பது பொருள். குழந்தைகளுக்கு அளவு வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40 என்னும் எண்ணிக்கையை எட்டினால் அது வேக மூச்சு. உடல்நிலை சரியும்போது, இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்னரே மூச்சு விரைவதுண்டு. எனவே, எண்ணாமல் எழுதப்படும் 18 என்னும் எண் வெறும் ஊகமாக நின்றுவிடாது. வரவேண்டிய உதவியைத் தள்ளிப்போடும் ஊகமாகவும் ஆகிவிடும்.

எண்ணும் அந்த ஒரு நிமிடத்தில் கண் வேறு பலவற்றையும் காண்கிறது. மூச்சு ஆழமானதா, மேலோட்டமானதா? மார்பின் இரு பக்கமும் ஒருசேர எழுகின்றனவா? கழுத்துத் தசைகள் இறுகுகின்றனவா? விலா இடைவெளி உள்வாங்குகிறதா? குழந்தையாயின் மூக்கு விடைக்கிறதா? முழங்காலில் கைகளை ஊன்றி முன்சாய்ந்து அமர்ந்திருக்கும் முதியவர், வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலே தம் நிலையைச் சொல்லிவிடுகிறார்.

நிறத்தையும் பார்க்கிறோம். இங்கே நம்மவர்க்கு உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. உயிர்வாயு குறையும்போது உடல் நீலம் பூப்பது வெளிர்நிறத் தோலில் எளிதில் தெரியும். கருநிறத் தோலில் தெரிவது அரிது. ஆகவே நாவையும், உதட்டின் உட்புறத்தையும், கண்ணிமையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவி தோலின் ஊடாக ஒளியைச் செலுத்தியே இரத்தத்தின் உயிர்வாயு அளவைக் கணிக்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரத்தில், உண்மை அளவு 88க்கும் கீழே இருந்ததைக் கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காட்டிலும் வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காட்டிலும் கண்டது. அந்த ஆய்வு தமிழரைப் பற்றியதன்று. எனினும் தோலின் நிறம் கருவியின் கணிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதன் எச்சரிக்கையை நாமும் ஏற்கத்தான் வேண்டும். 2021ஆம் ஆண்டில், கொவிட்-19 காலத்தில், சிங்கப்பூர்க் குடும்பங்கள் இலவசமாக ஓர் ஆக்சிமீட்டரைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யப்பட்டது. அக்கருவி நல்ல துணை. ஆனால் எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சுக்குத் தவித்தால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். மூச்சுத் துன்பத்தைச் சொல்ல நம் முதியோர் ஆளும் சொற்கள் பல. 'மூச்சு வாங்குகிறது' என்பார் ஒருவர். நடந்தாலோ படியேறினாலோ வரும் துன்பம் அதில் தெரிகிறது. 'மூச்சு முட்டுகிறது' என்பார் மற்றொருவர். காற்று போதாமல் அடைபட்ட உணர்வு அது. 'மூச்சுத் திணறுகிறது' என்பதில் அவசரம் இருக்கிறது. 'இரைக்கிறது' என்பதில் ஓசை இருக்கிறது. 'நெஞ்சை அடைக்கிறது' என்பது நுரையீரலோடு இதயத்தையும் நினைக்கச் செய்ய வேண்டிய சொல். இவையனைத்தும் மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லாகிக் குறிப்பேட்டில் ஏறும்போது, நோயாளி கொடுத்த வேறுபாடுகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன.

ஒரு சொல்லே இரு பொருள் தருவதும் உண்டு. 'இழுப்பு' என்பதைச் சிலர் ஆஸ்துமாவுக்கும் சிலர் வலிப்புக்கும் வழங்குகின்றனர். 'இளைப்பு' என்பது மூச்சிரைப்பாகவும் இருக்கலாம்; களைப்பாகவும், உடல் மெலிவாகவும் இருக்கலாம். 'சளி இருக்கிறதா?' என்று கேட்டால், தடுமனைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி இல்லை என்பார். இருமும்போது கோழை வருகிறதா, அதன் நிறம் என்ன என்று கேட்டால் வேறு விடை வரும். இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மலாய் மொழியில் 'லெலா' என்னும் சொல் களைப்பையும் குறிக்கும், ஆஸ்துமாவையும் குறிக்கும். எந்த மொழியிலும் தாதி செய்யத்தக்கது ஒன்றே: நோயாளி சொன்ன சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு, 'அப்படியென்றால் எப்படி இருக்கிறது, அம்மா?' என்று மேலும் ஒரு கேள்வி கேட்பது.

கேள்வியும் அவரவர் வாழ்விலிருந்து பிறக்க வேண்டும். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்தவர்களின் பணியிலிருந்து உருவான மூச்சுத்திணறல் அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. விரைந்து நடந்தால் மூச்சு வாங்குகிறதா, ஒத்த வயதினரைவிட மெதுவாக நடக்க நேர்கிறதா, ஏறத்தாழ 100 மீட்டரில் நிற்க நேர்கிறதா, உடை மாற்றவே மூச்சு வாங்குகிறதா என்று அது படிப்படியாகக் கேட்கிறது. நம்மூர்ப் பாட்டியிடம் மீட்டர்க் கணக்கு பேசிப் பயனில்லை. புளோக்கின் கீழிருந்து ஈரச்சந்தைக்குப் போகும் வழியில் எத்தனை முறை நிற்கிறார், மேம்பாலம் ஏறுகிறாரா, பத்துமலையின் 272 படிகளைக் கடைசியாக எந்தத் தைப்பூசத்தில் ஏறினார் என்று கேட்டால் விடை கிடைக்கும். 'எனக்கு மூச்சு வாங்குவதே இல்லை' என்பவர், படியேறுவதை விட்டு ஈராண்டு ஆனவராக இருக்கலாம். ஆகவே, எதைச் செய்ய முடிகிறது என்பதோடு, எதைச் செய்வதை விட்டுவிட்டார் என்றும் கேட்க வேண்டும். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதும் அத்தகைய கேள்வியே. படுத்தால் மூச்சு முட்டுவது இதயத் தளர்ச்சியின் அறிகுறியாக இருக்கக்கூடும். புகைமூட்ட நாள்களில் துன்பம் கூடுகிறதா என்பதும் இன்றியமையாதது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட ஊர் நம் ஊர்.

பேச்சே ஒரு சோதனையாகவும் அமைகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உள்ளிருந்து எழும் காற்றே நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று எழுத்தொலியாகிறது என்று விளக்குகிறது. சடுகுடு ஆடும் பிள்ளைகளுக்கும் அது தெரியும். பாட்டு நிற்குமிடத்தில் மூச்சு தீர்ந்தது என்று பொருள். நோயாளி முழு வாக்கியம் பேசுகிறாரா, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிற்கிறாரா, ஒற்றைச் சொல்லே பேசுகிறாரா என்பதைக் கொண்டு துன்பத்தின் கடுமையை ஓரளவு அறியலாம்.

தமிழாசிரியர்களாகிய நீங்கள் நன்கறிந்த இலக்கணம் ஒன்று இங்கே வந்து நிற்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வரும். உடன்பாடும் எதிர்மறையும் அங்கேதான் தீர்மானமாகும். மலாய் மொழியில் 'தாக் போலே' என்னும் மறுப்பு முன்னரே வந்துவிடும். தமிழில் 'இராத்திரி படுத்துத் தூங்க' என்பதோடு மூச்சு தீர்ந்துவிட்டால், அடுத்து வருவது 'முடிந்தது' என்பதா, 'முடியவில்லை' என்பதா? கேட்பவர் பொறுத்திருந்தால் மட்டுமே தெரியும். அவசரப்பட்டு நாமே முடித்துவைத்தால், நோயாளி சொல்லாத ஒன்று அவர் வாய்மொழியாகப் பதிவாகும். மறுக்கவும் அவருக்கு மூச்சிராது. பொறுத்திருக்கவே நேரமில்லாத நிலையில், ஆம், இல்லை என்று தலையசைத்து விடைதரும் கேள்விகளைக் கேட்பது முறை.

மாணவச் செல்வங்களே, பலதுறை மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பவர்கள் பல வேளைகளில் நீங்களே. தமிழ் வகுப்பில் நீங்கள் கற்பது மதிப்பெண்ணோடு முடிவதன்று. ஒருநாள் அது ஒருவருடைய மூச்சுக்குத் துணையாகலாம். ஆகவே மூன்றை வேண்டுகிறோம். தாத்தா என்ன சொல் சொன்னாரோ அந்தச் சொல்லையும் தாதியிடம் சேர்த்துச் சொல்லுங்கள்; அதன் பொருளைப் பிறகு விளக்குங்கள். அவர் வாக்கியத்தை அவரே முடிக்கட்டும். அவர் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணப் பழகுங்கள். ஆனால் வாக்கியத்தை முடிக்க முடியாமல் ஒருவர் திணறினாலோ, உதடும் நாவும் நிறம் மாறினாலோ, எண்ணிக்கொண்டிராதீர்கள். அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை உடனே அழையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் வேண்டுவது ஒன்று. வகுப்பறையில் உடலையும் நோயையும் பற்றிய பாடம் வரும்போது, கலைச்சொற்களோடு வீட்டுச் சொற்களையும் கற்பியுங்கள். 'சுவாசம்' அறிந்த பிள்ளை 'இரைப்பு' அறியாமல் வளர்ந்தால், பாட்டியின் நோயை அவனால் தாதியிடம் சொல்ல இயலாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவரிடம் மூச்சைப் பற்றிய ஐந்து சொற்களைக் கேட்டு எழுதிவரட்டும். அந்தப் பட்டியல் மொழிப்பாடமாகவும் இருக்கும். அப்பெரியவர் நெடுநாளாய்ச் சொல்லாமல் வைத்திருந்த துன்பம் ஒன்று அன்றைக்கு வெளிப்படவும் கூடும்.