கவாசாகி நோயும் பிள்ளைகளின் இருதயமும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியத்துறைக்குச் சென்ற நாங்கள் இங்கே வரும்போதெல்லாம், மண்டப வாசலிலேயே யாராவது ஒரு தோழி மறித்து, "பிள்ளைக்கு ஐந்து நாளாய்க் காய்ச்சல், என்னவாயிருக்கும்?" என்று கேட்பாள். பெரும்பாலும் அது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். எப்போதாவது அப்படி இல்லாமற் போவதும் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

1961 ஜனவரியில் டோக்கியோவின் செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலை ஒன்றில், தொமிசாகு கவாசாகி என்ற குழந்தை வைத்தியர் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்தார். அவனுடைய நோய் எந்தப் பாடநூலிலும் இருக்கவில்லை. அவர் அதை மறந்துவிடாமல், அதே போன்ற பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1967 இல் 50 பிள்ளைகளின் விபரங்களை வெளியிட்டார். தானாகவே மாறிவிடும் நோய் என்றுதான் முதலில் எண்ணினார்கள். அது இருதயத்தைத் தாக்கும் என்பது பிறகே தெளிவாயிற்று. இந்த நோய் ஏன் வருகிறது என்பது இன்றும் கண்டறியப்படவில்லை.

ஐந்து நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் கடுங்காய்ச்சல், பீளை கட்டாமல் சிவக்கும் கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ரோபெரிப் பழம் போன்ற நாக்கு, உடலில் சிவப்புத் தழும்புகள், கை கால் வீக்கம், கழுத்தில் நெறி. இவையே அதன் அறிகுறிகள். எல்லாம் ஒன்றாக வருவதில்லை. கைக்குழந்தைகளில் இரண்டு மூன்று மட்டுமே தெரியலாம். நம் நாட்டில் பிறந்தவுடன் பீசீஜீ ஊசி போடுகிறோம் அல்லவா, அந்தத் தழும்பு திடீரெனச் சிவந்து தடிப்பதும் ஓர் அடையாளம். விரல் நுனித் தோல் உரிவது இரண்டாம் வாரத்திலேதான். அதைக் காணும்வரை காத்திருக்கக் கூடாது.

உயிரியல் வகுப்பில் படம் வரைந்து பெயரிட்டோமே, இருதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள், அவற்றின் சுவரையே இந்நோய் அழற்சியால் பலவீனப்படுத்துகிறது. பலவீனமான இடம் பலூன் போலப் புடைக்கிறது. சிகிச்சை பெறாத பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த நாடிகள் பாதிக்கப்படும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் இமியூனோகுளோபியூலின் மருந்தை நிறைக்கேற்ப, கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஏற்றினால், அது நூற்றுக்கு ஐந்து பேரளவுக்குக் குறைகிறது.

பின்னர் என்ன ஆகும் என்பதே தாய்மாரின் கவலை. நாடிகள் பாதிக்கப்படாத பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே ஓடி விளையாடலாம். சிறிய புடைப்புகளில் பாதிக்கு மேல் ஓரிரு ஆண்டுகளில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் உட்சுவர் தடித்தே இருக்கும். ஆகவே கண்காணிப்பு வேண்டும். 8 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பெரும் புடைப்புகள் சுருங்குவது அரிது. அவற்றினுள் இரத்தம் உறையலாம், வாயில்கள் ஒடுங்கலாம், இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். அப்பிள்ளைகளுக்கு அஸ்பிரினும் வோர்பரினும் நீண்டகாலம் தேவைப்படும்.

எங்கள் பயிற்சிக் காலத்தில் இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று விடுதிக்கு வந்தது. தாய் அதன் தோளைக் காட்டி, "ஊசி போட்ட இடம் சிவந்திருக்கு, டொக்டர்" என்றார். "அது ஒன்றுமில்லை, அம்மா" என்றோம். மருந்து ஒவ்வாமையால் வந்த தழும்பென்று எழுதினோம். சில நாட்களின் பின் விரல் நுனிகள் உரிந்தன. எக்கோ செய்தபோது பெரும் புடைப்பு இருந்தது. அந்தத் தாய் சொன்னதைக் காதில் வாங்காத குற்றத்தை இன்றும் சுமக்கிறோம்.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கலியாணப் பேச்சு வந்ததும் வீட்டார் கிளினிக்கை நிறுத்திவிட்டார்கள், மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்துவிடும் என்று. அவள் கிளினிக் கொப்பியைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு தனியாக வந்தாள். நல்லவேளை, கருத்தரிக்குமுன் வந்தாள். வோர்பரின் கருவைப் பாதிக்கக்கூடியது. முன்கூட்டியே திட்டமிட்டு மருந்தை மாற்றி, இருதய வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் சேர்ந்து கவனித்தால் இத்தகைய பெண்களில் பலர் பத்திரமாகப் பிள்ளை பெறுகிறார்கள். மறைப்பதுதான் ஆபத்து.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இதை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாடு மாறும்போது நகைப்பெட்டியோடு எக்கோ அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை வளர்ந்து சிறுவர் கிளினிக்கை விட்டதும் பெரியவர்களுக்கான இருதய கிளினிக்கில் பதியுங்கள். இமியூனோகுளோபியூலின் ஏற்றிய பிள்ளைக்கு எம்எம்ஆர் தடுப்பூசியைப் பதினொரு மாதம் தள்ளிப்போட வேண்டும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அஸ்பிரின் எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரைக் கேளாமல் ஐபுபுரொபன் கொடுக்காதீர்கள்.

விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேள் என்றுதான் இந்தப் பாடசாலை எங்களைப் பழக்கியது. காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால், எந்த வைத்தியர் முன்னாலும் அதேபோலக் கேளுங்கள்: "இது கவாசாகியாக இருக்குமா?" கேட்டதற்காக எங்களில் எவரும் கோபித்தால், கோபிக்கட்டும். நீங்கள் கேளுங்கள்.