வரவேற்பு மேசையும் ஒரு பெயரும்

வரவேற்பாளர் வேலை என்றதும் நல்ல உடை, இன்சொல், புன்முறுவல் ஆகியவையே பலருக்கு நினைவு வரும். இவை வேண்டியவைதாம். சிங்கப்பூரில் மரியாதையை வளர்க்க 1979-இல் நாடு தழுவிய இயக்கமே நடந்தது. 1982-இல் 'சிங்கா' என்னும் சிங்கம் அதன் சின்னமாயிற்று. ஆயினும், வந்தவரின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுவதே முதல் மரியாதை.

சீனர் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். மலாய்க்காரர் பெயரில் 'பின்', 'பிந்தி' என்பவற்றை அடுத்துத் தந்தை பெயர் வரும். தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருவோர் பலரின் கடவுச்சீட்டில், குடும்பப் பெயருக்குரிய இடத்தில் தந்தை பெயரே இருக்கும்.

சிராங்கூன் சாலைப் பக்கத்து மருந்தகம் ஒன்றில், முருகன் மகன் செல்வம் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். "மிஸ்டர் முருகன்!" என்று அழைத்தால் அவர் எழுந்திருப்பாரா? ஊரிலுள்ள அப்பாவை இங்கே யார் கூப்பிடுவார் என்று சும்மா இருப்பார். அவர் முறை தவறிப்போகும். ஒருவர் மருந்துச் சீட்டு இன்னொருவர் கைக்குப் போனாலோ, ஆபத்து.

ஆகவே, "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று கேளுங்கள். அட்டையைப் பார்த்து எழுதுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். பிறந்த தேதியையும் ஒத்துப்பாருங்கள். தொலைபேசியிலானால் எழுத்தெழுத்தாகக் கேளுங்கள்.

தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தமிழறிந்த இளைஞர் மேசைக்குப் பின்னால் இருந்தால், தயங்கி நிற்பவரிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசலாம். அதற்குத் தனிப் பட்டம் தேவையில்லை. காது கொடுக்கும் பொறுமை போதும்.